அம்மாவைப் பார்க்க ஆள் தேடியபோது நான் பட்டதும் படித்ததும்

இலங்கையின் வடக்கே வன்னியில் இன்று எத்தனையோ வீடுகளில் வயதான அம்மாவோ அப்பாவோ படுக்கையில் இருக்கிறார்கள். பிள்ளைகளில் பாதிப் பேர் கனடாவிலும் சுவிஸிலும். ஊரில் மிஞ்சிய ஒரு பிள்ளை ஆள் தேடி அலைகிறது. நானும் அப்படி அலைந்தவள். "ஒரு ஆளை வைச்சுப் பாருங்கோவன்" என்று சொன்னவர்கள் ஏராளம். எப்படி வைப்பது, காசை யார் கையில் கொடுப்பது, எதை எழுதிக்கொள்வது, சட்டத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் காசு போய், அம்மாவின் முதுகில் புண்ணும் வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். இனி ஆள் தேடப் போகிறவர்களுக்காவது இது முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2022 ஆகஸ்டில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு வந்தபோது வலப்பக்கம் முழுக்க விழுந்திருந்தது, பேச்சும் குழறியது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், நிமிர்த்தி இருத்தித்தான் சாப்பாடு தீத்த வேண்டும், பம்பர்ஸ் நனைந்தவுடன் மாற்ற வேண்டும் என்று தாதி சொல்லி அனுப்பினார். நான் பாடசாலை ஆசிரியை. கணவருக்கு மன்னாரில் வேலை, வார இறுதியில்தான் வருவார். பெற்றோலுக்கு கியூஆர் வாங்கி வரிசையில் நின்ற காலம் அது. எனக்கு இருந்த லீவெல்லாம் தீர்ந்து சம்பளமில்லாத லீவில் நின்றேன். ஊருக்குள் ஆள் கேட்டால் கிடைக்கவில்லை. இளம் பிள்ளைகள் விடிய முன்னமே ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள். கொஞ்சம் வயது கூடின பெண்களில் பலர் அந்தப் பொருளாதார நெருக்கடியோடு குவைத்துக்கும் சவுதிக்கும் போய்விட்டார்கள்.

அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு தரகரின் நம்பர் கிடைத்தது. மலையகப் பக்கத்தில் இருந்து ஆட்களைக் கொண்டுவந்து விடுகிறவர். போனில் மிக மரியாதையாகப் பேசினார். அவருக்கு 25,000 ரூபா கொமிஷன், பிள்ளைக்கு மாதம் 30,000, அதில் மூன்று மாதச் சம்பளத்தை முன்பணமாகத் தன் கணக்கில் போட வேண்டும் என்றார். மொத்தம் 115,000. ஏன் உங்கள் கணக்கில் என்று கேட்டேன். பிள்ளையின் வீட்டுக்குத் தானே கொடுப்பதாகச் சொன்னார். போட்டேன். இரண்டு நாளில் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண்ணை ஒரு பையோடு கொண்டுவந்து விட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அந்தப் பிள்ளையைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அம்மாவின் தலையை மடியில் வைத்து எண்ணெய் தடவிப் பேன்சீப்பால் வாரிவிடுவாள். ஆனால் ஒவ்வொரு நாளும் பின்னேரம் கிணற்றடியில் நின்று போனில் அழுவாள். சில வாரம் போன பிறகுதான் வாய் திறந்தாள். ஊரில் அவளுடைய குழந்தைக்குக் காய்ச்சல், மருந்துக்குக் காசில்லை. நான் போட்ட 90,000 ரூபாயில் அந்த வீட்டுக்குப் போனது 10,000 மட்டும். மூன்று மாதச் சம்பளத்தை நான் முன்னமே கொடுத்துவிட்டேன் என்பதே அவளுக்குத் தெரியாது. சம்பளம் மாத முடிவில் வரும் என்று காத்திருந்திருக்கிறாள். எனக்குக் கை நடுங்கியது. அடையாள அட்டை எங்கே என்று கேட்டேன். தரகர் வாங்கி வைத்திருக்கிறார் என்றாள். அடுத்த நாள் பஸ் காசும் குழந்தைக்கு மருந்துக்காசும் கொடுத்து ஏ9 வீதியில் பஸ் ஏற்றிவிட்டேன். வேறு என்ன செய்வது? குழந்தை அங்கே காய்ச்சலில் கிடக்க, தாயை இங்கே என் தாய்க்குக் காவல் வைக்க முடியுமா?

பிறகுதான் உண்மையான பாடு தொடங்கியது. மீதிக் காசைக் கேட்டதும் தரகரின் குரல் மாறியது. நான் பிள்ளையைக் கொடுமைப்படுத்தித் துரத்தியதாகவும், கூடக் கதைத்தால் தானே பொலிஸில் முறைப்பாடு செய்வதாகவும் வெருட்டினார். ஒரு ஆசிரியைக்கு அந்த ஒரு வசனம் போதும், இரவு நித்திரை போய்விடும். நானே முந்திப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே கேட்ட கேள்விகள் எளிமையானவை. ஒப்பந்தம் இருக்கிறதா, பிள்ளையின் அடையாள அட்டைப் பிரதி இருக்கிறதா, தரகரின் முழுப்பெயர் என்ன, காசு கொடுத்ததற்கு என்ன ஆதாரம். என்னிடம் இருந்தது வங்கியில் காசு போட்ட ஒரு துண்டு மட்டும். எதற்காகப் போட்ட காசு என்று அதில் எழுதியிருக்கவில்லை. முறைப்பாட்டைப் பதிந்தார்கள், அந்த மட்டில்தான். தரகரின் போன் பிறகு வேலை செய்யவேயில்லை. இதற்குள் அம்மாவின் முதுகில் புண் பிடித்துவிட்டது. நான் தனியாகத் திருப்பியதில் நேரம் தவறிய இரவுகள் இருந்தன. புண்ணைச் சுத்தம் செய்யும்போது அம்மா கத்துவதற்குப் பதிலாக என் கையைப் பிடித்துக்கொள்வார். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் அடிவயிறு கலங்கும்.

தரகர் வழியாகத்தான் ஆள் எடுக்க வேண்டிய நிலை என்றால் இதை மட்டும் விடாதீர்கள். கொமிஷன் வேறு, சம்பளம் வேறு. சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடத் தரகரின் கைக்குப் போகக் கூடாது. வேலைக்கு வருகிறவரோடு தரகர் பக்கத்தில் இல்லாமல் தனியாகப் பேசி, உங்களுக்கு எவ்வளவு சம்பளம் என்று சொன்னார்கள், யாராவது முன்பணம் தந்தார்களா என்று கேளுங்கள். இரண்டு பேர் சொல்லும் தொகையும் வேறுபட்டால் அங்கேயே நிறுத்துங்கள். வங்கியில் காசு போடும்போது குறிப்பில் எதற்காக என்று எழுதுங்கள். அடையாள அட்டை அவர் கையிலேயே இருக்க வேண்டும், உங்களுக்கு ஒரு போட்டோக்கொப்பி போதும். அந்தப் பிள்ளை பிறகு போன் எடுத்தபோது, அட்டை இல்லை என்று பொலிஸில் முறைப்பாடு போட்டு, அந்தத் துண்டோடு கிராம அலுவலர் ஊடாகப் புது அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். அட்டை கையில் இல்லாதவரைக்கும் அந்தத் தரகர் இன்னொரு வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகத்தான் பார்த்திருக்கிறார்.

இன்னொரு தரகரும் வந்தார். 'நல்ல பிள்ளை, வீட்டோடயே நிற்கும், 15,000 போதும்' என்று படம் அனுப்பினார். படத்தில் இருந்தது ஒரு குழந்தை. வயது கேட்டால் பதினாறு என்றார், பார்த்தால் அதுவும் இராது. 2021 இல்தான் இந்த நாட்டில் வேலைக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயதை 14 இல் இருந்து 16 ஆக உயர்த்தினார்கள். அதே ஆண்டு ஜூலையில் மலையகத்தின் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் ஓர் அரசியல்வாதியின் வீட்டில் வேலைக்கு நின்றபோது தீக்காயப்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். நாடு முழுவதும் கொதித்தது. அதன் பிறகு வீட்டு வேலையை ஆபத்தான தொழில்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அதனால் 18 வயதுக்குக் கீழே யாரையும் வீட்டு வேலைக்கு வைக்க முடியாது. 'படிக்க வைக்கிறோம், எங்கட பிள்ளை மாதிரிப் பார்க்கிறோம்' என்று சொல்லும் வீடுகளுக்கும் இது பொருந்தும். இப்படி ஒரு பிள்ளை எங்காவது நிற்பது தெரிந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குச் சொல்லலாம். நான் சொன்னேன்.

இரண்டாவது முறை கால் வைக்கும் முன் சட்டத்தை அறிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்து, கூடப் படித்த சட்டத்தரணி ஒருவரிடம் போனேன். அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியம் போய்க் கோபம்தான் வந்தது. 2016 ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் அப்போது வீட்டுப் பணியாளரைப் பெயர் சொல்லி வெளியே விட்டிருந்தது. ஊழியர் சேமலாப நிதியான ஈபிஎஃப், ஊழியர் நம்பிக்கை நிதியான ஈரிஎஃப் இரண்டும் வீட்டு வேலைக்குக் கிடையாது. பணிக்கொடைச் சட்டம் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கானது, அதிலும் தனியார் வீட்டுப் பணியாளர் விலக்கு. அலுவலகம், கடைகளுக்கான சட்டமும் வீட்டுக்குள் வராது. வீட்டுப் பணியாளருக்கென்று இருப்பது 1871 இல் வெள்ளைக்காரன் போட்ட ஒரு பதிவுக் கட்டளைச் சட்டம், அதுவும் அவர்களைப் பொலிஸில் பதிந்து கண்காணிப்பதற்காகப் போட்டது. ஜெனீவாவில் 2011 இல் வீட்டுப் பணியாளருக்கான 189 ஆம் இலக்கச் சமவாயம் வந்தது. வேலை விபரத்தை விளங்கச் சொல்ல வேண்டும், முடிந்தவரை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாரம் ஒரு முழுநாள் ஓய்வு வேண்டும், அவர்களுடைய ஆவணம் அவர்களிடமே இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதை வாசித்தபோதுதான், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் என் வீட்டில் இதைச் செய்ய எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று பட்டது.

2023 தொடக்கத்தில் ஓர் அக்கா கிடைத்தார். எங்கள் ஊரில் இருந்து சைக்கிளில் வரக்கூடிய தூரம். கணவர் 2009 யுத்தத்தில் போனவர், மகள் ஓஎல் பரீட்சை எடுக்கப்போகிறாள். அக்கா ஆறு வருடம் குவைத்தில் வேலை செய்து திரும்பியவர். எனக்குப் பெரிய பாடம் எடுத்தது அவர்தான். வேலை பேச வந்த அன்று கதிரையில் இருந்து நேராகக் கேட்டார்: "ரீச்சர், குவைத்துக்குப் போகேக்க பீரோவில பதிஞ்சு, இன்சூரன்ஸ் போட்டு, அக்ரிமென்ற் கையெழுத்து வைச்சுத்தான் போனனான். பக்கத்து ஊர் வீட்டுக்கு வாறதுக்கு ஒரு துண்டும் இல்லையோ?" உண்மைதான். கடல் கடந்து போகும் பெண்ணுக்கு 1985 இல் இருந்து வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது. பணியகத்தின் ஏற்பாடுகளிலும் ஓட்டை உண்டு என்பது அங்கே துன்பப்பட்டவர்களுக்குத் தெரியும், ஆனாலும் கையில் ஒரு தாள் இருக்கும். அதே வேலையை உள்ளூரில் செய்கிறவருக்கு அதுவும் இல்லை. குவைத் வீட்டில் பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் பூட்டியதையும், வெள்ளிக்கிழமை ஓய்வு என்று எழுதிவிட்டு ஒரு வெள்ளியும் விடாததையும் அக்கா சொன்னார். 'அந்த ரெண்டும் இஞ்ச வேண்டாம், மிச்சத்தை எழுதுவம்' என்றார். நாங்கள் இரண்டு பேரும் மேசையில் இருந்து எழுதினோம்.

முதலில் சம்பளம். ஊரில் 'சமையலும் சேர்த்து இருபதுக்கு ஆள் வரும்' என்றார்கள். நான் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. அப்போது எங்கள் பக்கத்தில் கச்சான் பிடுங்கப் போகும் பெண்ணுக்கு நாள்கூலி 1,500 ரூபா. மாதம் 26 நாள் என்றால் 39,000. என் அம்மாவைத் தூக்கித் திருப்புகிற வேலை கச்சான் பிடுங்குவதைவிட இலேசானது என்று என்னால் சொல்ல முடியாது. 40,000 என்று முடிவாயிற்று. காலை 7 மணியில் இருந்து பின்னேரம் 3 மணி வரை, இடையில் ஒரு மணித்தியாலம் ஓய்வு, ஞாயிறு முழுநாள் லீவு. ஞாயிறு அவசரத்துக்குக் கூப்பிட்டால் 2,500, இரவு நின்றால் 2,000, இரண்டும் வேறாக. மத்தியானச் சாப்பாடும் தேத்தண்ணியும் வீட்டில், அதற்குச் சம்பளத்தில் கழிவு இல்லை. வருடத்துக்குப் பதினாலு நாள் சம்பளத்தோடு லீவு, வருத்தம் வந்தால் வேறாக ஏழு நாள். அம்மாவின் வேலை, அம்மாவின் உடுப்பு, அம்மாவின் சாப்பாடு மட்டுமே அவருடைய பொறுப்பு. என் உடுப்புத் தோய்ப்பதும் முற்றம் கூட்டுவதும் அதில் இல்லை. இந்தக் கடைசி வரியை எழுதச் சொல்லி வற்புறுத்தியது அக்காதான். சரியாகத்தான் சொன்னார். எழுதாவிட்டால் 'இதையும் ஒருக்கா' என்று ஒவ்வொரு வேலையாக ஏறிக்கொண்டே போகும். யார் நிறுத்துவதானாலும் ஒரு மாதம் முன் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்து, இரண்டு பிரதி எடுத்து இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். ஒரு பக்கத்துக்கு மேல் வரவில்லை.

சட்டக் குறைந்தபட்சத்தைப் பார்த்து வீட்டில் சம்பளம் பேசாதீர்கள் என்று இந்த இடத்தில் சொல்ல வேண்டும். நான் பேசிய காலத்தில் அது 12,500 ரூபா. அதில் ஒரு குடும்பம் அரிசிக்குக் கூடக் கணக்குப் பார்க்க வேண்டும். 2024 இல் 17,500 ஆகி, 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியில் இருந்து 30,000 என்று ஏறியது. ஊர் நாள்கூலிதான் உண்மையான அளவுகோல். அது ஏறும்போது நீங்களும் ஏற்ற வேண்டும். 2024 இல் 45,000 ஆக்கினேன். அக்கா கேட்கும் வரை காத்திருக்கவில்லை.

சம்பளம் கொடுக்கும் முறையில்தான் கொஞ்சம் இழுபறிப்பட்டோம். வங்கியில் போடுவோம் என்றேன், அக்கா தயங்கினார். வறிய குடும்பங்களுக்கான அரச உதவியில் சமுர்த்தி போய் அஸ்வெசும வந்த வருடம் அது. கணக்கில் மாதாமாதம் காசு விழுந்தால் அஸ்வெசுமவை வெட்டிவிடுவார்கள் என்று ஊரில் ஒரே கதை. அவருடைய பயத்தை நான் சின்னதாக எடுக்கவில்லை, அந்தக் காசில்தான் மகளின் ரியூசன் ஓடியது. பிரதேச செயலகத்தில் போய் நிலைமையைச் சொல்லி அவரே விளக்கம் கேட்கட்டும், அதுவரை கையில் கொடுக்கிறேன் என்றேன். ஒரு சீஆர் கொப்பி வாங்கினோம். இடப்பக்கம் திகதி, வந்த நேரம், போன நேரம். வலப்பக்கம் லீவு, இரவு நின்றது, கொடுத்த காசு. மாதத்தின் கடைசி வேலைநாளில் கூட்டிப் பார்த்து இரண்டு பேரும் கையெழுத்து. அக்காவின் எழுத்து உருண்டையாக, ஒவ்வொரு இலக்கத்துக்கும் கீழே ஒரு கோடு இருக்கும். ஒரு மாதம் நான் இரவுக் காசில் 2,000 குறைத்துக் கூட்டியிருந்ததைக் கொப்பியில் விரலை வைத்துக் காட்டி வாங்கினார். கொப்பி இல்லாவிட்டால் அவர் அதைக் கேட்டிருக்கவே மாட்டார், மனதில் வைத்திருப்பார். மற்றவர்கள் சொல்லும் 'அவ திடீரெண்டு நிண்டிட்டா' என்ற கதைகளில் பாதி இப்படிக் கேட்காமல் விட்ட காசில் தொடங்குவதுதான்.

ஈபிஎஃப் இல்லையே என்று எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு கம்பனி என்றால் முதலாளி 12 சதவீதம் கட்ட வேண்டும். 40,000 இல் அது 4,800. அந்தத் தொகையைச் சம்பளத்தோடு சேர்க்காமல் வேறாக வைத்தேன். பிரதேச செயலகத்தில் சமூகப் பாதுகாப்புச் சபையின் அலுவலர் இருப்பார். அரச பென்சன் இல்லாதவர்கள் பங்களிப்புச் செய்து வயது போனபின் ஓய்வூதியம் பெறும் திட்டங்கள் அவர்களிடம் இருக்கின்றன. அக்கா தனக்கு ஏற்றதைத் தெரிவு செய்தார், நான் கட்டுப்பணத்தைக் கொடுத்தேன், மிச்சம் மகளின் பெயரில் சேமிப்புக்குப் போனது. எங்கள் ஊர்ப் பெண்களில் பலருக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது.

கடன் பற்றியும் எழுதத்தான் வேண்டும், வன்னியில் அதைத் தவிர்த்துப் பேச முடியாது. யுத்தம் முடிந்த பிறகு நுண்கடன் கம்பனிகள் வீடு வீடாக வந்தன. குடும்பத்தைத் தனியே தூக்கிய பெண்கள்தான் அவர்களுக்கு முதல் இலக்கு. ஒருநாள் கிழமைக் காசு வாங்கும் பொடியன் எங்கள் கேற்றடிக்கே மோட்டார் சைக்கிளில் வந்து, அம்மாவுக்குக் கஞ்சி தீத்திக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டான். அக்கா வாசலில் தலை குனிந்து நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. 60,000 கொடுத்து அந்தக் கணக்கை மூடினோம். ஆனால் வீட்டுக்காரர் கொடுக்கும் கடன் அந்தக் கம்பனியின் கடனைவிடக் கொடியதாகிவிடும், அவதானம் வேண்டும். கடன் இருப்பதால் வேலையை விட முடியாது என்ற நிலை வந்தால் அது அடிமைத்தனம். அதனால் அதை வேறு தாளில் எழுதினோம்: வட்டி இல்லை, மாதம் 5,000 மட்டும் கழிக்கலாம், வேலையை விட்டாலும் அதே 5,000 தான், கடனைக் காட்டி மறிக்கக் கூடாது. ஒரு வருடத்தில் முடிந்தது. கடைசிக் கழிவு அன்று அந்தத் தாளை அக்காவிடமே கொடுத்தேன்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்களோடு நான் பட்ட பாடு தனிக்கதை. காசு அனுப்புகிறார்கள், அம்மாவில் பாசம் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கனடாவில் இருக்கும் என் சகோதரி நேரே அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுத்து, தலை இழுத்தீங்களோ, நகம் வெட்டினீங்களோ என்று கேட்பார். நேர வித்தியாசத்தில் அது எங்களுக்கு விடியற்காலையாகவோ இரவாகவோ இருக்கும், அக்கா தன் வீட்டில் படுத்திருக்கும் நேரத்திலும் வரும். தம்பி சுவிஸில் இருந்து அம்மாவின் அறையில் கமரா பூட்டச் சொன்னான். அந்த அறையில்தான் அம்மாவுக்கு உடல் துடைக்கிறோம், உடுப்பு மாற்றுகிறோம். அம்மாவின் மானமும் அங்கே இருக்கிறது, வேலை செய்கிறவரின் மானமும் இருக்கிறது. கேற்றுக்கும் விறாந்தைக்கும் மட்டும் பூட்டினேன், பூட்ட முன் அக்காவுக்குச் சொல்லி, படம் எங்கே தெரியும் என்று போனில் காட்டினேன். சகோதரங்களுக்கு ஞாயிறு என்னோடு பேச நேரம் வைத்தேன். சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லுங்கள், அக்காவுக்கு நான் சொல்வேன் என்றேன். ஒரு மாதம் கோபித்துக்கொண்டார்கள், பிறகு சரியாகிவிட்டது. ஒரு வீட்டில் மூன்று முதலாளி இருந்தால் எந்த மனிதரும் நிற்க மாட்டார்.

தட்டு, கோப்பை விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். 1977 இலும் 1983 இலும் இனக்கலவரத்தில் அடிபட்டு மலையகத்தில் இருந்து வந்து தருமபுரம், பாரதிபுரம், மலையாளபுரம் என்று குடியேறிய சனங்களின் பிள்ளைகள்தான் இன்றும் எங்கள் வயல்களிலும் வீடுகளிலும் பெரும்பாலும் வேலை செய்கிறார்கள். எத்தனையோ வீடுகளில் அவர்களுக்கு வேறு கோப்பை, இருக்க நிலம் அல்லது குந்து. எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு உறவுக்காரர், அக்கா மேசையில் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு 'என்ன இது' என்று கேட்டார். என் அம்மாவின் வாயைத் துடைக்கிற கை எங்கள் கோப்பையைத் தொடக் கூடாதோ என்று கேட்டேன். அவர் பிறகு வருவதைக் குறைத்துக்கொண்டார், எனக்கு அதில் கவலை இல்லை.

உடம்பு நோவைப் பற்றி யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. முதல் வருடத்திலேயே அக்காவுக்கு இடுப்பு பிடித்துவிட்டது, ஒரு கிழமை எழும்ப முடியவில்லை. வைத்தியச் செலவு நான் கொடுத்தேன், சம்பளமும் கழிக்கவில்லை. ஆஸ்பத்திரி இயன்மருத்துவரிடம் இரண்டு பேரும் போனோம். அவர் காட்டித்தந்தது சின்ன விஷயம்: அம்மாவின் தோளில் இருந்து தொடை வரை ஒரு துப்பட்டியை நாலாக மடித்துக் கீழே விரித்து வைத்திருக்க வேண்டும். திருப்பும்போது ஆளைப் பிடிக்காமல் அந்தத் துப்பட்டியின் மறுபக்க ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, முழங்காலை மடித்து நின்று, தன் பக்கம் இழுத்தால் உடம்பு தானாக உருண்டு வரும். குனிந்து தூக்க வேண்டியதில்லை. கட்டிலின் காலுக்குக் கீழே கல் வைத்து உயர்த்தினோம், காற்று மெத்தை ஒன்றும் வாங்கினோம். முதுகுப் புண் ஆறியது. படுக்கையில் இருப்பவருக்கு ஆள் வைக்கிறீர்கள் என்றால், வேலை தொடங்கும் முதல் கிழமையிலேயே இதைப் பழக்குங்கள்.

2025 நடுப்பகுதியில் அம்மா போய்விட்டார். அந்தியேட்டி முடிந்த பிறகு அக்காவோடு கொப்பியைத் திறந்து கணக்குப் பார்த்தேன். அம்மா போன நாளோடு வேலையும் முடிந்துவிட்டது என்று பலர் அந்த மாதக் காசோடு அனுப்பிவிடுவார்கள். எங்கள் தாளில் ஒரு மாத அறிவித்தல் என்று இருந்தது, அதற்கு 45,000. பணிக்கொடைச் சட்டம் மற்றவர்களுக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று சொல்கிறது, அதுவும் ஐந்து வருடம் வேலை செய்தால்தான். நான் ஐந்து வருடம் பார்க்கவில்லை. முடிந்த இரண்டு வருடத்துக்கு இன்னொரு 45,000. எடுக்காத லீவுக்கும் காசு. தம்பி இதைக் கேட்டு ஒன்றும் பேசாமல் தன் பங்கை அனுப்பிவிட்டான்.

அதோடு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். 'நல்லவர், நம்பிக்கையானவர்' என்று மட்டும் எழுதினால் பிரயோசனம் இல்லை. எந்த மாதத்தில் இருந்து எந்த மாதம் வரை, என்ன நோயாளி, திருப்புதல், புண் கழுவுதல், குழாய் இல்லாமல் பாதுகாப்பாகச் சாப்பாடு தீத்துதல் என்று அவர் செய்த வேலைகள், வேலை நேரம், கடைசியாக வாங்கிய சம்பளம், என் போன் நம்பர் எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்தேன். சில கிழமையில் வவுனியாவில் இருந்து ஒருவர் தன் தகப்பனைப் பார்க்க ஆள் வேண்டும் என்று போன் எடுத்தார். கடிதத்தில் உள்ளது உண்மையா, சம்பளம் உண்மையில் அவ்வளவுதானா என்று கேட்டார். 45,000 உண்மை, ஞாயிறு லீவும் உண்மை என்றேன். அக்கா வவுனியாவுக்குப் போன பிறகு என்னோடு பேசினார். 48,000 க்கு முடிந்ததாம், தாளும் எழுதியாயிற்றாம்.